சர்க்கரையை வியர்வையில் பார்க்கலாமாம்: அம்மாவுக்கு வாங்கிய கைப்பட்டையை நம்பலாமா?

தூரநடை

வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடைசி இரண்டு ஆண்டுகளாக இன்சுலின். ஒரு நாளைக்கு நான்கு முறை விரலைக் குத்திப் பார்க்கிறார். நுனிகள் காய்த்துப்போய்விட்டன. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் விரலில் இருப்பதே தெரியவில்லை என்கிறார்.

போன மாதம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை. "குத்த வேண்டாம், ரத்தம் வேண்டாம், வியர்வை போதும்" என்று போட்டிருந்தார்கள். வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு வந்து ஆலோசனை கேட்கிறேன் என்று திட்டாதீர்கள்.

நம்பியதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் நெடுந்தூரம் ஓடுகிறவன். ஓடும்போது முன்கையில் ஒட்டிக்கொள்ளும், ஒரு முறை மட்டுமே பயன்படும் பட்டை பயன்படுத்துகிறேன். வியர்வை அதற்குள் நெளிநெளியான கால்வாயில் ஏறி ஆரஞ்சு நிறமாகும். எவ்வளவு தூரம் ஏறியதோ அவ்வளவு வியர்த்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கால்வாய் ஊதாவாகும்; எவ்வளவு அடர்ந்த ஊதாவோ அவ்வளவு உப்பு. செல்பேசியில் படம் எடுத்தால் கணக்கு வந்துவிடும். உப்பைச் சொல்லத் தெரிந்த வியர்வைக்குச் சர்க்கரையைச் சொல்லத் தெரியாதா என்று நினைத்தேன்.

மூன்று நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் நாள் குத்திப் பார்த்ததில் 231, பட்டையில் 118. மறுநாள் 87, பட்டையில் 109. மூன்றாம் நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 196, பட்டையில் 112. அம்மாவுக்கு இதில் பட்டையைத்தான் பிடித்திருக்கிறது. "இதுதான் எப்போதும் நல்ல எண்ணாகச் சொல்கிறது" என்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டை பழகப் பழகச் சரியாகுமா?

விரல்நுனி

ஆகாது. இன்று இரவே அம்மாவின் கையிலிருந்து கழற்றிவிடுங்கள்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக இன்சுலினில் இருப்பவள். 231 இருக்கும்போது 118 என்று காட்டினால் போடவேண்டிய மருந்தைப் போடாமல் விடுவார். அது மெல்லக் கெடுக்கும். 55 இருக்கும்போது 110 என்று காட்டினால்? அவருக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பட்டை மட்டும் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். சர்க்கரை தாழ்ந்துபோவது உயிரைத் தொடும் விஷயம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றைப் பயன்படுத்தவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

நாளைய மருத்துவம்

ஒரே அடியாக அடித்துப் பேசவேண்டாம். மலிவான பொம்மைகளை வைத்து ஒரு துறையையே எடைபோடக் கூடாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அலி ஜாவே குழு, அதில் வெய் காவ் முதன்மை ஆசிரியராக, 2016-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். மணிக்கட்டிலும் நெற்றியிலும் கட்டும் ஒரே பட்டையில் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் நான்கையும் தோல் வெப்பநிலையோடு சேர்த்து, சைக்கிள் மிதிக்கிறவர்கள் மேல் உடனுக்குடன் அளந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்திருக்கிறது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால், யூரிக் அமிலம், மருந்துகளின் அளவு வரை வியர்வையில் பார்க்கிறார்கள். இன்று சரியில்லாதது நாளை சரியாகும்.

விரல்நுனி

என் இன்சுலின் இன்று இரவுக்கு.

மின்முனை

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். நான் மின்வேதியியலில் ஆய்வு செய்கிறவன். குளுக்கோஸ் மின்முனைகளை என் கையாலேயே செய்து, அவை என் கண் முன்னாலேயே செத்துப்போவதைப் பார்த்தவன்.

2016 கட்டுரை பெரிய வேலைதான். மின்முனையின் மேல் சர்க்கரையோடு வினைபுரியும் ஒரு நொதி இருக்கும். தோல் சூடாகச் சூடாக அது வேகமாக வேலை செய்யும். அதனால் சர்க்கரை ஏறாமலேயே ஏறியதுபோல் காட்டும். அதைக் கண்டுகொண்டு, பட்டையிலேயே வெப்பநிலையையும் அளந்து திருத்தினார்கள். ஆனால் அவர்கள் அளந்தது வியர்வையில் உள்ள குளுக்கோஸை. "வியர்வையில் சர்க்கரை எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. "அதை வைத்து ரத்தத்தில் எவ்வளவு என்று சொல்லமுடியுமா?" என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் முதல் கேள்வியின் விடையைக் காட்டி இரண்டாவதற்குப் பணம் வாங்கிக்கொள்கின்றன.

எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் வியர்வையில் இருக்கிறது. குளுக்கோஸ் ஓரளவு பெரிய மூலக்கூறு, நீரில் கரைவது; சுரப்பியின் செல் சுவர்களைத் தாண்டி எளிதில் வராது. நூறில் ஒரு பங்கை அளப்பதே பெரிய பாடு அல்ல. நல்ல நொதி மின்முனை அதைச் செய்துவிடும். ஆனால் அவ்வளவு குறைந்த அளவில் தோலின் மேல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையே கணக்கைக் கவிழ்த்துவிடும். காலையில் பழம் உரித்த கையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, வியர்வை எங்கே? ஓடுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை கொட்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் 64 வயது அம்மாவுக்கு மணிக்கட்டில் வருவது கண்ணுக்கே தெரியாது. பழைய வியர்வை உணரியின் மேல் தேங்கி நிற்கும், புதியது வந்து தள்ளாது. அப்போது உணரி பார்ப்பது இப்போதைய உடலை அல்ல, எப்போதோ சுரந்ததை. அது எத்தனை நிமிடம் பழையது என்றும் அதற்குத் தெரியாது.

தூரநடை, உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் கைப்பட்டையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடமுடியுமா? அல்லது அங்கே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இன்னொன்று: மாற்றிப் போடுவதற்கு ஒட்டுப்பட்டை, சிறு வில்லை, எதாவது பெட்டியில் கொடுத்தார்களா?

தூரநடை

நன்றி. பட்டையை நேற்றே கழற்றிவிட்டேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடிப்பக்கத்தில் வழவழப்பான கண்ணாடி. அதற்குள் இரண்டு பச்சை விளக்குகள், நடுவில் ஒரு கறுப்புச் சதுரம். அவ்வளவுதான். பெட்டியில் மின்னேற்றும் கம்பி தவிர வேறு எதுவும் இல்லை. மாற்றவேண்டிய பொருள் எதுவும் கிடையாது, "ஆயுள் முழுக்கச் செலவில்லை" என்று அதையே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான்: என் ஓட்டப்பட்டையில் உப்பு மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

மின்முனை

அப்படியானால் பேச்சே முடிந்துவிட்டது! பச்சை விளக்கு நாடித்துடிப்பைப் பார்ப்பதற்கு. துடிக்கும்போது ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளி மாறும். அதை எண்ணினால் துடிப்பு கிடைக்கும். உங்கள் பட்டையில் வியர்வை உள்ளே போக வழியே இல்லை. மின்முனை இல்லை, நொதி இல்லை. வியர்வையில் சர்க்கரையை உண்மையாகவே அளக்கிற கருவிகளில் பொதுவாக நொதி தேய்ந்துபோகும், மாற்றியே ஆகவேண்டும். செலவே இல்லை என்று சொன்ன இடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

உப்புக் கேள்விக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இந்த மன்றத்தில் இருக்கிறார். 'உப்புத்துளி' அக்காவைக் கூப்பிடுகிறேன்.

உப்புத்துளி

கூப்பிட்டதற்கு நன்றி, தம்பி. இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குழந்தைகளுக்கு வியர்வைப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வியர்வையை வைத்து நோய் கண்டுபிடிப்பது ஏதோ புதிய விந்தை என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

1948-ல் நியூயார்க்கில் கடுமையான வெப்ப அலை. நீரிழப்பால் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். நுரையீரலிலும் கணையத்திலும் சளி கெட்டித்துப்போகும் பிறவி நோய் அது. வெயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? டி சான்டக்னேசி என்ற மருத்துவர் அதைத் துருவிக்கொண்டே போனார். இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு பல மடங்கு அதிகம் என்று 1953-ல் சொன்னார். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று தாய்மார்கள் அதற்கு வெகு முன்பிருந்தே சொல்லிவந்ததுதான். என் மேசைக்கு வரும் தாய்மாரும் இன்றும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

காரணம் சுரப்பியின் குழாயில் இருக்கிறது. வியர்வைச் சுரப்பி தோலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் ஒரு நீண்ட குழல். அடியில் சுரக்கும் நீர் ஏறக்குறைய ரத்த நீரைப்போலவே உப்பாக இருக்கும். அது மேலே ஏறி வரும் வழியில் குழாய்ச்சுவர் உப்பின் இரு பகுதிகளான சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உடல் உப்பை வீணாக்காது. குளோரைடு உள்ளே போகும் வாசல் ஒரு புரதம். அதற்கான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தார்கள். அந்த வாசல் பழுதானால் உப்பு திரும்பப் போகாமல் அப்படியே வெளியே வந்துவிடும்.

1959-ல் கிப்சன், குக் என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். பைலோகார்ப்பைன் என்ற மருந்து தோய்த்த வில்லையைக் குழந்தையின் முன்கையில் வைத்து ஐந்து நிமிடம் மெல்லிய மின்னோட்டம் கொடுப்போம். மருந்து தோலுக்குள் இறங்கிச் சுரப்பியைத் தூண்டும். பிறகு அதே இடத்தில் சுருள்குழாய் வைத்த வட்டைக் கட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருப்போம். குழாயில் நீலச் சாயம் ஊர்ந்து வருவதைப் பார்த்தால் நிம்மதி. குறைந்தது 15 மைக்ரோலிட்டர் வேண்டும். ஒரு சொட்டுக்கும் குறைவு. குழந்தையைப் போர்வையில் சுற்றி, பால் கொடுக்கச் சொல்லி, அந்தச் சொட்டுக்காகத் தவம் கிடப்போம். வரவில்லை என்றால் இன்னொரு நாள் வரச்சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய். 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இல்லை. இடையில் இருந்தால் மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனை ஏன் நம்பகமானது? வியர்வையிடம் நாங்கள் கேட்பது வியர்வைச் சுரப்பியைப் பற்றியே. பழுது அங்கேயே இருக்கிறது. உங்கள் ஓட்டப்பட்டையும் அப்படித்தான்: வியர்வையில் எவ்வளவு நீரும் உப்பும் போனது என்று வியர்வையிடமே கேட்கிறீர்கள். அம்மாவின் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால், அது அடுத்த வீட்டுச் செய்தி. சுவர் வழியாகக் காதில் விழுந்த அளவுக்குத்தான் சொல்லும்.

நாளைய மருத்துவம்

அழகாகச் சொன்னீர்கள். ஆனாலும் ஒன்று: சுவர் வழியாக நன்றாகவே கேட்கிற செய்திகளும் உண்டு. மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனால் சிறிய மூலக்கூறு, எந்தச் சுவரையும் தாண்டிவிடும். அமெரிக்க நீதிமன்றங்கள் குடிக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தவர்களின் கணுக்காலில் கட்டிவிடும் கருவி தோல் வழியாக வரும் மது ஆவியைத்தான் மோப்பம் பிடிக்கிறது.

மின்முனை

ஒப்புக்கொள்கிறேன், நல்ல எடுத்துக்காட்டு. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் ரத்தத்தோடு ஓரளவு ஒட்டிப் போகும். அப்போதும் தாமதம் உண்டு. ரத்தத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் தோலில் தெரியும். குடித்தாரா இல்லையா என்ற கேள்விக்கு அது போதும். இந்த நிமிடம் எவ்வளவு என்று கேட்டால் போதாது.

தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் இதற்கு நேர்மாறு. விளையாட்டு வீரர்களுக்கு விற்கும் விளம்பரங்களில் "தசைச் சோர்வை வியர்வையில் காணுங்கள்" என்று வரும். வியர்வைச் சுரப்பியே உழைக்கும்போது தனக்காக லாக்டேட் உண்டாக்கிக்கொள்கிறது. வியர்வையில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி சுரப்பியின் சொந்தச் சரக்கு. தசையின் கதையை அதில் படிக்கப்போனால் தவறாகத்தான் படிப்பீர்கள்.

உலைவாய்

உள்ளே வரலாமா? நான் உலைக்கூடத்தில் வேலை செய்கிறவன். எங்கள் நிர்வாகம் சென்ற ஆண்டு எல்லோருக்கும் கையில் ஒட்டும் வியர்வைப் பட்டை கொடுத்தது. நீர் குடிக்கவேண்டிய நேரத்தில் அதிரும். முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும்: எனக்கு ஒரு வேளைப் பணியில் நான்கு லிட்டருக்கு மேல் போகிறது என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அதில் பாதிதான். இருவருக்கும் ஒரே அளவுத் தண்ணீர்ப் புட்டிதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் சிக்கல் வந்தது. எண்கள் மேற்பார்வையாளரின் திரைக்குப் போகின்றன என்று தெரியவந்தது. ஒருவரை "உனக்கு வெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கூடுதல் படி போய்விட்டது. அடுத்த வாரம் பாதிப் பேர் பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சட்டைப் பைக்கு ஏது வியர்வை?

சங்கம் பேசிய பிறகு எண் அவரவர் செல்பேசிக்கு மட்டும் போகிறது. இப்போது மறுபடியும் ஒட்டிக்கொள்கிறோம்.

விரல்நுனி

இதை யாரும் பேசுவதே இல்லை. என் சர்க்கரை எண்ணை யார் பார்க்கலாம் என்று கேட்டால் "மருத்துவத் தகவல்" என்பார்கள். வியர்வை எண் என்றால் "நலவாழ்வுத் தகவல்" என்று சொல்லிக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள்.

ஐயப்பாடு

எனக்கு ஒரு எளிய சந்தேகம். எவ்வளவு வியர்த்தது என்று தெரிந்துகொள்ள எடை பார்க்கும் இயந்திரம் போதாதா? ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஏறி நின்றால் முடிந்ததே. இதற்கு ஒரு பட்டை, ஒரு செயலி!

மின்முனை

போதும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். நடுவில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளவேண்டும், சிறுநீர் போயிருந்தால் கழிக்கவேண்டும், நனைந்த உடையைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். வியர்வைப் பட்டைகளைச் சரிபார்ப்பதே இந்த எடைக்கணக்கோடு ஒப்பிட்டுத்தான்.

இது நானூறு ஆண்டுப் பழைய முறை. இத்தாலியில் சான்டோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். உண்டது, குடித்தது, கழிந்தது எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். வரவுக்கும் செலவுக்கும் இடையே பெரிய அளவு காணாமல் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது என்று 1614-ல் எழுதி வெளியிட்டார். அந்த நாற்காலியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், பொறாமையும் வரும். என் மின்முனைகளில் ஒன்றுகூட ஒரு வாரம் ஒழுங்காக உழைத்ததில்லை.

எடை இயந்திரம் சொல்லாதது உப்பின் அளவு. பட்டைக்கு அங்கேதான் வேலை.

தூரநடை

உப்பு என்றதும் நினைவு வருகிறது. என் பட்டை ஒரு நாள் 38 மில்லிமோல் என்றது, அடுத்த வாரம் 61 என்றது. அதே பாதை, அதே தூரம், வேகம் மட்டும் கூடுதல். 60 தாண்டினால் நோய் என்று அக்கா எழுதியதைப் படித்ததும் ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

உப்புத்துளி

பயப்படாதீர்கள், தம்பி. அந்த 60 மருந்தால் தூண்டி, ஒழுங்கான முறையில் எடுத்த வியர்வைக்கு உரியது. ஓடும்போது வரும் எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது. நலமாக இருப்பவர்களுக்கே ஓட்டத்தில் சோடியம் 10-லிருந்து 90 வரை எங்கும் இருக்கலாம்.

வேகம் கூடியதுதான் காரணம். வியர்வை விரைவாக ஏறினால் குழாய்க்கு உப்பைத் திரும்ப உறிஞ்ச நேரம் போதாது. அதனால் கொட்டக் கொட்ட அதிகமாகவும் உப்பாகவும் இருக்கும். ஒரே மனிதர், ஒரே பாதை, இரண்டு எண்கள், இரண்டும் சரி. வெயிலில் தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் பயிற்சி செய்தால் எண் தானாக இறங்கும், உடல் உப்பைச் சேமிக்கப் பழகிக்கொள்ளும். எந்த இடத்தில் ஒட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம்: முன்கையும் முதுகும் நெற்றியும் ஒரே எண் தராது. எப்போதும் ஒரே இடத்தில் ஒட்டுங்கள், உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மின்முனை

ஒரு சேர்க்கை. உங்கள் ஊதாக் கால்வாய் பெரும்பாலும் குளோரைடை அளக்கிறது. குளோரைடோடு வினைபுரியும்போது அந்தச் சாயம் நிறம் மாறும். சோடியமும் குளோரைடும் சேர்ந்தே போவதால் அதிலிருந்து சோடியத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். ஏமாற்று இல்லை, நியாயமான குறுக்குவழிதான். வியர்வையைப் பம்பு இல்லாமல் சுரப்பியின் அழுத்தத்தாலேயே கால்வாயில் ஏற்றிவிடும் இந்த வகைப் பட்டைகளை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு வளர்த்தெடுத்தது. மின்கலம்கூட வேண்டாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

ஐயப்பாடு

உப்புப் பெறாத விஷயம் என்று நினைத்தேன். உப்பில்தான் எல்லாமே இருக்கிறது போலிருக்கிறது.

விரல்நுனி

ஓடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டை "இவ்வளவு போய்விட்டது" என்றதும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 13 விழுக்காட்டினருக்கு ரத்தச் சோடியம் தாழ்ந்திருந்தது. அதோடு மிக நெருங்கிய தொடர்பு எதற்கு என்று பார்த்தால், ஓட்டத்தின்போது எடை கூடியதற்கு. வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள். ஓடி முடித்ததும் எடை ஏறியிருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

நாளைய மருத்துவம்

சர்க்கரைக்குத் திரும்புகிறேன், விட மனமில்லை. அமெரிக்காவில் சான் டியாகோ பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் வாங் ஆய்வுக் குழு விரல்நுனியைத் தொட்டால் போதும் என்ற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறதே? விரல்நுனியில் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, ஓடவே வேண்டாம்.

மின்முனை

உண்மைதான், நல்ல வழியும்கூட. ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குத்திப் பார்த்து அளவு பொருத்தவேண்டும். விரலைக் குத்துவதைத் தவிர்க்க விரலைக் குத்தவேண்டும். வீட்டுக் குளுக்கோமீட்டருக்கே சர்க்கரை 100-க்கு மேல் போனால் பிழை 15 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். வியர்வை அந்த வாசலை இன்னும் தாண்டவில்லை. தாண்டினால் முதலில் கைதட்டுவது நானாகத்தான் இருப்பேன்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். குளுக்கோவாட்ச் என்று ஒரு கடிகாரம் 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்கு அடியிலுள்ள திசுநீரை மேலே இழுத்துச் சர்க்கரை பார்த்தது. அதுவும் குத்திப் பார்ப்பதற்குத் துணையாகத்தான், அதற்கு மாற்றாக அல்ல. கட்டிய இடம் சிவந்து அரித்தது. இன்னொரு தொல்லை என்ன தெரியுமா? வியர்த்தால் அளப்பதை நிறுத்திவிடும்! சில ஆண்டுகளில் சந்தையிலிருந்தே போய்விட்டது. சர்க்கரை தாழும்போது மனிதனுக்கு வியர்த்துக் கொட்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தூரநடை

நான்கு நாள் கழித்து வருகிறேன். இரண்டு செய்திகள்.

முதலாவது: பட்டையின் பச்சை விளக்கு பற்றிப் படித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஒரு புட்டியைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டி அதன்மேல் பட்டையை மாட்டினேன். நாடித்துடிப்பு 71. சர்க்கரை 104. அந்தப் புட்டிக்கு நோய் எதுவும் இல்லை என்று மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அதுதானே, எனக்கும் அதே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது" என்றார்.

இரண்டாவது: மருத்துவரிடம் போனோம். மேல்கையில் ஒட்டும் தொடர் குளுக்கோஸ் உணரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். விரல்நுனி அவர்களே, நீங்கள் பயன்படுத்துவது அதுதானா? அதிலும் வியர்வையைத்தான் பார்க்கிறார்களா?

விரல்நுனி

புட்டிக்கு என் வாழ்த்துகள்.

ஆமாம், அதுதான். வியர்வை இல்லை, முடிபோன்ற ஒரு சிறு இழை தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் போய் அங்குள்ள திசுநீரில் சர்க்கரையைப் பார்க்கும். இழையின் முனையில் இருப்பதும் மின்முனை தம்பி சொன்ன அதே நொதிதான். ஒட்டும்போது ஒரு சுருக், பிறகு பத்துப் பதினான்கு நாளுக்குத் தொந்தரவு இல்லை. ரத்தத்தைவிடச் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். சாப்பிட்டவுடனும் நடந்தவுடனும் அதை மனதில் வையுங்கள். எண்ணுக்கும் அம்மாவின் உடல் சொல்வதற்கும் பொருந்தவில்லை என்றால் விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள். மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்படிக் குத்தும்போது நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். விரலை மாற்றி மாற்றி. கையை முதலில் கழுவித் துடைக்கவேண்டும். பழம் உரித்த கை பற்றி மேலே எழுதியது இதற்கும் பொருந்தும்.

தூரநடை

மிக்க நன்றி, அக்கா. ஒட்டுவதில் கவனிக்கவேண்டியது ஏதாவது உண்டா? அம்மாவுக்குச் சமையலறையில் நின்றால் நன்றாக வியர்க்கும்.

விரல்நுனி

அதுதான் தொல்லை! வியர்த்தால் ஓரம் கழன்றுவிடும். குளித்து, ஈரம் போகத் துடைத்து, கால் மணி நேரம் காற்றாட விட்ட பிறகு ஒட்டுங்கள். அந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ தடவக் கூடாது. மேலே சுற்றி ஒட்டுவதற்குத் தனி நாடா கிடைக்கும், முதல் தடவையே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஐயப்பாடு

அந்தக் கைப்பட்டையை என்ன செய்தீர்கள்?

தூரநடை

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன். "பயனாளர் போதுமான அளவு வியர்க்கவில்லை" என்று பதில் வந்தது. புட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறேன், மறுமொழிக்குக் காத்திருக்கிறேன்.